யாரும் வராத மூலை

நாற்றங்காலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். குறைந்தால் சேறு வேரை விடாது, கூடினால் அடித்தண்டு கைக்குச் சிக்காது. ஜானகியம்மாள் விடிந்ததும் வந்து மடைவாயில் நின்று தண்ணீரைப் பார்ப்பாள். அளவு சரியென்று தெரிந்த பிறகுதான் மகளைக் கைபிடித்து உள்ளே இறக்குவாள்.

மற்ற பெண்கள் குனிந்து நாற்றுப் பறித்தார்கள். மணியம்மாள் உட்கார்ந்து பறித்தாள். அதற்கென்றே அவளுடைய அப்பன் பச்சையப்பன் ஒரு பலகையை இழைத்துக் கொடுத்திருந்தான். அதைச் சேற்றில் போட்டு, நல்ல காலை மடித்து, சூம்பின இடது காலைப் பக்கத்தில் நீட்டி உட்கார்ந்துவிட்டால், கையை ஊன்றிப் பலகையோடு முன்னால் நகர்ந்துகொண்டே போவாள். குனிகிறவள் பத்து முடி நாற்றுக்கு ஒரு தரமாவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர வேண்டும். இவளுக்கு அந்தத் தொல்லை கிடையாது. நாற்றை மேலே பிடித்தால் அறுந்து வரும். விரலை வேருக்குப் பக்கத்தில் விட்டு, ஒரு பக்கமாகச் சாய்த்து, பிடி தளராமல் இழுக்க வேண்டும். பதின்மூன்று வயதிலேயே அந்தக் கைவாகு அவளுக்கு வந்துவிட்டது. நொச்சிமேட்டில் அதைச் சொல்லாதவர்கள் இல்லை. சொல்லிவிட்டுக் கூடவே ‘பாவம்’ என்று ஒரு வார்த்தையையும் வைத்துவிட்டுப் போவார்கள்.

எழுபத்திரண்டாம் வருஷத்துத் தை மாதம் அது. நொச்சிமேடு ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, கடலோடு சேர்ந்த ஏரியின் உப்புக்காற்று எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. சம்பா அறுத்துக் களம் காலியாகி, நவரைப் பட்டத்துக்கு நாற்றுத் தயாராக நின்ற நேரம். பனி இன்னும் விலகவில்லை. மதராஸுக்குப் போகிற காலை வண்டி கூவிக்கொண்டு போனது. அதைப் பார்த்துத்தான் பெண்கள் நாஷ்டா நேரத்தைக் கணக்கிடுவார்கள்.

வரப்பின் மேல் ஒருவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருவது தெரிந்தது. கழுத்தில் விசில் தொங்கியது. பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் தாவீது. கும்மிடிப்பூண்டியிலிருந்து தினமும் வண்டியில் வந்து போகிறவர். இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

“சாரு வழி தப்பிப் பூட்டாரா?” என்றாள் ஒருத்தி.

“டிரில் கத்துக்குடுக்க வர்றாரு. எல்லாரும் நிமிந்து நில்லுங்கமே” என்றாள் இன்னொருத்தி.

தாவீது சிரித்துக்கொண்டே வந்து ஜானகியம்மாளுக்கு எதிரில் நின்றார். “அம்மா, நவநீதம் பள்ளிக்கூடத்துக்கு வரலியே, தெரியுமா?”

“தெரியாம இன்னா சார். வெள்ளிக்கிழமை பெரிய மனுஷி ஆயிட்டா. ஓலை கட்டிக் குந்த வெச்சிகீறாங்க. இனிமே எங்க அனுப்பப் போறாங்க.”

“அதான் வந்தேன். மாசி அமாவாசைக்கு ஸ்கூல்ல ஸ்போர்ட்ஸ் வெச்சிருக்கோம். பொண்ணுங்க சடுகுடுல பச்சைக்கொடி டீமுக்கு ஏழு பேரு வேணும். நவநீதம் போனதுல ஆறாயிட்டாங்க.”

“அதுக்கு நான் வந்து ஆடணுமா?”

நாற்றங்கால் முழுக்கச் சிரித்தது.

“நீங்க வேணாம். உங்க பொண்ணைக் கேக்க வந்தேன்.”

சிரிப்பு நின்றது. ஒருத்தி நாற்று முடியைத் தண்ணீரில் அடித்து அலசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

தாவீது அவசரமாகச் சொன்னார். “போன வாரம் உங்க ஊட்டாண்ட வந்தேன் இல்ல, அப்ப பாத்தேன். கன்னுக்குட்டி பால் குடிக்க ஓடுது. இவ குந்தின எடத்துலேயே அதும் பின்னங்காலைப் புடிச்சா. கன்னு அசையல.”

“கன்னுக்குட்டி வேற, புள்ளைங்க வேற சார்.”

மணியம்மாள் பறிப்பதை நிறுத்தியிருந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து அவளுக்கு விளையாட்டு பீரியடில் ஒரே ஒரு வேலைதான் உண்டு. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் புத்தகப் பைகளைப் பார்த்துக்கொள்வது. இந்த மூன்று வருஷத்தில் ஒரு பலப்பம்கூடக் காணாமல் போனதில்லை.

“நான் எங்க நிக்கணும் சார்?” என்று கேட்டாள்.

“நிக்கவே வேணாம். பின்கோட்டு மூலையில குந்திக்கோ. வர்றவ உன்னைத் தொடணும்னா குனியணும். குனிஞ்சா அவ காலு உனக்கு முன்னால வரும்.”

மணி அம்மாவைப் பார்த்தாள். ஜானகியம்மாள் மடைவாயைப் பார்த்தாள். “அவங்க நைனாவக் கேட்டுச் சொல்றேன் சார்” என்றாள்.

பச்சையப்பன் அதிகம் பேசாதவன். கேட்டதும், “கூப்பிட்டாருன்னா போவட்டும்” என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

நான்கு நாள் கழித்து, மோட்டார் கொட்டகைத் தண்ணீரில் துணி துவைக்கப் போன இடத்தில் முத்தம்மாள் பேச்செடுத்தாள். அவள் அடுத்த தெரு. அவளுடைய மகள் பூங்காவனம் சிவப்புக்கொடி அணியில் முதல் ஆள். பாடிக்கொண்டு போனால் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புவாள்.

“யக்கா, மனசுல வெச்சிக்காத. ஒண்ணு கேக்குறேன்.”

“கேளேன்.”

“மணி சடுகுடு ஆடப்போறாளாமே.”

“டிரில் வாத்தியாரு கேட்டாரு.”

“அவருக்கு இன்னா. சாய்ந்தரம் வண்டி ஏறினா ஊடு போயி சேந்துடுவாரு. நாமதான இங்கியே கெடக்கப்போறோம்.”

“இன்னா சொல்ல வர்றேன்னு சொல்லுடி. சுத்திகினு வராத.”

முத்தம்மாள் துணியைக் கல்லின் மேல் வைத்துவிட்டாள். “அவ புடிக்கறது காலைத்தானாம். பூங்காவனத்துக்கு வைகாசியில பேசி முடிக்கலாம்னு கீறோம். காலு இழுத்துக்குச்சின்னா யாருக்கா கட்டுவான்?”

“அவளுக்குக் காலுதான நோவு. கை நல்லாத்தான கீது.”

“காலுல கீற நோவு கையில இருக்காதுன்னு உனுக்கு யாரு சொன்னது?”

ஜானகியம்மாள் கையிலிருந்த துணியை முறுக்கிப் பிழிந்தாள். அந்தக் கேள்வியைப் பதினொரு வருஷமாகத் தனக்குத் தானே கேட்டுக்கொண்டிருந்தவள் அவள்.

மணிக்கு இரண்டு வயது நடக்கும்போது ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. குழந்தையை எடுத்து நிறுத்தினால் இடது கால் ஈரத்துணி மாதிரி மடங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் இளம்பிள்ளை வாதம் என்று சொன்னார்கள். திருவள்ளூருக்கு மூன்று அமாவாசை தூக்கிக்கொண்டு போய், கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வந்தாள். அங்கே மண்டபத்தில் இரவு தங்கினபோது பக்கத்தில் ஒரு பெண், இதே மாதிரி ஒரு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். “என்னுது ரெண்டுமே இப்பிடி ஆயிடுச்சி. பெரியவன் காலு சின்னவன் மேல பட்டுகினே இருந்துச்சி. நீயாவது பாத்துக்கோ” என்றாள். அந்தப் பெண்ணின் பேர் ஊர் எதுவும் ஜானகியம்மாளுக்குத் தெரியாது. முகம்கூட மறந்துவிட்டது. சொன்ன வார்த்தை மட்டும் வீட்டுக்கு வந்து தங்கிவிட்டது.

தம்பி கலியன் பிறந்ததும் மணியின் பாய் சுவரோரத்துக்குப் போனது. கால் சுவர்ப் பக்கம். “நீ உருளுவ” என்று காரணம் சொன்னாள். தம்பியைத் தூக்கக் கையை நீட்டினால், “நீ விழுந்துடுவ” என்றாள். நடவு முடிந்து வருகிற நாட்களில் மற்ற வீடுகளில் பெண்பிள்ளைகள் தாய்க்குக் கால் அமுக்கிவிடுவார்கள். ஜானகியம்மாளுக்கும் கால் கடுக்கும். மணிக்கு இருந்த கைவலுவுக்கு இரண்டு அமுக்கில் வலி பறந்திருக்கும். ஒரு நாளும் அவள் கேட்டதில்லை. மணியும் ஒன்பது பத்து வயது வரைக்கும், “அமுக்கட்டுமா யம்மா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

இதையெல்லாம் ஜானகியம்மாள் கல்மனசால் செய்யவில்லை. பெற்ற இரண்டில் ஒன்றையாவது முழுசாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

மறுநாள் சாயங்காலம் மகளை அழைத்து வரப் போனவள் பள்ளிக்கூட வேலியோரம் நின்றாள். அறுத்துவிட்ட வயலில் சாம்பலால் கோடு போட்டிருந்தார்கள். மணி பின்கோட்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். பாவாடையை முழங்காலுக்குக் கீழே இறுக்கிச் செருகியிருந்தாள். இரண்டு கையும் முன்னால் விரிந்திருந்தன.

ஒருத்தி பாடிக்கொண்டு வந்தாள். மணிக்கு ஒரு கஜ தூரத்தில் நின்றாள். திரும்பிப் போய்விட்டாள். அடுத்தவள் வந்தாள். அவளும் அந்த ஒரு கஜத்தில் நின்றாள்.

“கிட்ட போங்கம்மா. கிட்ட போனாத்தான ஆட்டம்” என்றார் தாவீது.

“எங்கம்மா திட்டும் சார்.”

வாத்தியார் ஆண்பிள்ளை. அவர் தன் காலைப் பிடிக்கச் சொல்ல முடியாது. கடைசியில் ஒரு மூங்கில் கழியைக் கொண்டுவந்து, அதைத் தரையோடு நீட்டி நீட்டி இழுத்தார். மணி கழியைப் பிடித்தாள். நான்கு தரம் நீட்டியதில் நான்கு தரமும் பிடித்தாள். நாலாவது தரம் வாத்தியார் கழியை உருவப் பார்த்து முடியாமல், முன்னால் இரண்டடி தள்ளாடினார். பெண்பிள்ளைகள் சிரித்தார்கள். மணியும் சிரித்தாள். ஜானகியம்மாளுக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. “நேரமாச்சி, வா” என்று வேலிக்கு வெளியிலிருந்தே கூப்பிட்டாள்.

தாவீது வேலிக்குக் கிட்ட வந்தார். “நீங்க கொஞ்சம் மத்த அம்மாங்களாண்ட பேசினா நல்லாருக்கும். அந்த நோவு தொட்டு ஒட்டாதும்மா. அது வந்து போயி பதினொரு வருசம் ஆயிடுச்சே.”

“நீங்க டாக்டரா சார்?”

“இல்லம்மா.”

“நாளைக்கி எவளுக்காவது காலுல ஒண்ணு வந்தா, எந்த ஊட்டு வாசல்ல வந்து மண்ணை வாரி விடுவாங்க?”

தாவீது விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “எனுக்குச் சொல்லத் தெரிஞ்சது அவ்ளோதாம்மா” என்றார்.

அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது முத்தம்மாள் வீட்டுக்கே வந்தாள். வெறுங்கையோடு வரவில்லை. ஏரியிலிருந்து வந்த இறாலில் ஒரு கை கொண்டுவந்திருந்தாள். ஜானகியம்மாள் அதைக் கத்திரிக்காயோடு போட்டுக் கொதிக்கவிட்டாள். முத்தம்மாள் அடுப்போரம் குந்திக்கொண்டு சொன்னாள்.

“சண்டை வேணாம்க்கா. நாங்க நாலு ஊட்டுக்காரிங்களும் பேசினோம். ஏழு பேரு இல்லன்னா ஆட்டமே இல்லன்னு வாத்தியாரு சொல்றாரு. புள்ளைங்களுக்கும் ஆசை. மணி வந்து பேருக்குக் குந்தட்டும். மொத தரமே பூங்காவனம் போயி தலையில தொட்டுட்டு வந்துடுவா. மணி எழுந்து வெளிய வந்து குந்திக்கட்டும். ஆடின மாதிரியும் ஆச்சி, ஒருத்தருக்கும் பேஜாரும் இல்ல.”

“வாத்தியாருக்குத் தெரியுமா?”

“அவருக்கு எதுக்கு?”

குழம்பு கொதித்தது. ஜானகியம்மாள் கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றினாள். “சரி” என்றாள்.

மறுநாள் நாற்றங்காலில் மகளிடம் சொன்னாள். சுற்றிலும் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொன்னாள். மணி கேட்டுக்கொண்டே நாற்றைப் பறித்தாள். ஒரு முடி சேர்ந்ததும் வைக்கோலால் கட்டி, வேர் மண்ணைப் பலகையில் அடித்து உதறினாள்.

“தொட்டதும் வந்துடணுமா?”

“ஆமா.”

“நவநீதம் ஆடியிருந்தா அவளையும் இப்பிடித்தான் சொல்லியிருப்பாங்களா?”

“வாயாடாத. கூட்டத்துல குந்த வெச்சாங்களேன்னு நெனச்சிக்கோ.”

மணி அடுத்த நாற்றுக்குக் கையை விட்டாள். அன்றைக்கு அவள் பறித்த முடிகள் எப்போதையும்விட அதிகம்.

அமாவாசையில் ஏர் பூட்ட மாட்டார்கள். அதனால்தான் தலைமையாசிரியர் அந்த நாளைப் பார்த்து ஸ்போர்ட்ஸ் வைத்திருந்தார். ஆனாலும் காக்கை சோறு எடுத்த பிறகுதான் யாரும் வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள் என்பதை அவர் யோசிக்கவில்லை. பத்து மணிக்கு என்று சொன்னது பன்னிரண்டரைக்கு ஆரம்பித்தது. ஆண்கள் வேப்பமரத்தடியிலும் பெண்கள் வேலியோரத்திலும் உட்கார்ந்தார்கள். ஓட்டப்பந்தயம், சாக்கு ஓட்டம், தண்ணீர்க் குடம் தூக்கி ஓடுவது எல்லாம் முடிந்தது. நிழல் கிழக்கே சாயத் தொடங்கினபோது சடுகுடுக்கு விசில் ஊதினார்கள்.

மணி பச்சைத் துணியை நெற்றியில் கட்டிக்கொண்டு, தொடையில் கையை ஊன்றி ஊன்றி நடந்து போய் மூலையில் உட்கார்ந்தாள். அன்றைக்குப் புத்தகப் பைகளை யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. அவை மரத்தடியில் கும்பலாகக் கிடந்தன.

முதலில் பூங்காவனம்தான் வந்தாள். பாடினாளே தவிர ஓடவில்லை. தெரிந்தவர் வீட்டுக்குப் போகிற மாதிரி நேராக மூலைக்கு நடந்தாள். குனிந்து மணியின் தலையைத் தொட்டாள்.

தொட்டதும் மணியின் கை போயிற்று. முன்னால் வந்த வலது காலைக் கணுக்காலுக்குக் கீழே, குதிகாலை ஒட்டினாற்போல் பிடித்தாள். இரண்டு கையும் சேர்ந்துகொண்டது. பூங்காவனம் இழுத்தாள். ஒற்றைக்காலில் இரண்டு தரம் தத்தினாள். “சடுகுடு சடுகுடு” என்பது மெலிந்து மெலிந்து நூலாகி அறுந்தது. பொத்தென்று உட்கார்ந்தாள்.

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. “எம்மாம் புடிடி இது. வுடுடி, மூச்சு போச்சு” என்றாள்.

மணி விட்டாள். பூங்காவனம் எழுந்தாள். நான்கு அடி வைத்தாள். வலது காலைச் சற்றே தூக்கித் தூக்கி வைத்தாள்.

வேலியோரத்தில் முத்தம்மாள் எழுந்தாள். அவளோடு ஏழெட்டுப் பெண்கள் எழுந்தார்கள். ஜானகியம்மாளும் எழுந்தாள். முத்தம்மாள் கோட்டைத் தாண்டி உள்ளே போனாள்.

“காட்டு. காலைக் காட்டு.”

“ஒண்ணுமில்லமா, சுளுக்கிக்கிச்சி.”

முத்தம்மாள் மண்ணில் உட்கார்ந்து மகளின் காலை மடியில் எடுத்துவைத்தாள். முந்தானையால் அந்தக் கணுக்காலைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். மண் போன பிறகும் துடைத்தாள். மணி ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாதாச் சுளுக்கும்மா. இதெல்லாம் ஆட்டத்துல சகஜம்” என்றார் தாவீது.

“உங்க பொண்ணா இருந்தா சொல்லுவீங்களா சார்?” என்றாள் முத்தம்மாள். பிறகு ஜானகியம்மாள் பக்கம் திரும்பினாள். “உன்னாண்ட சொல்லிட்டுத்தான வந்தேன்” என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஜானகியம்மாளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சிவப்புக்கொடிப் பெண்களை அவரவர் அம்மாமார் வேலிக்குக் கூப்பிட்டுக் காதில் சொன்னார்கள். வாத்தியார் விசில் ஊதினார். பூங்காவனம் வெளியே உட்கார, ஆட்டம் தொடர்ந்தது.

அதற்குப் பிறகு அந்த மூலைக்கு யாரும் வரவில்லை.

பாடிக்கொண்டு வருகிறவள் எவளாக இருந்தாலும் வலப்பக்கமே போனாள். பச்சைக்கொடிப் பெண்களுக்கு இரண்டு பாட்டிலேயே அது புரிந்துவிட்டது. ஆறு பேரும் வலப்பக்கத்தில் போய் நெருக்கி நின்றுகொண்டார்கள். பாதிக் களம் அடைபட்டுப் போனதால் சிவப்புக்கொடிக்காரிகள் வந்து வந்து மாட்டிக்கொண்டார்கள். சுளுக்கைப் பொருட்படுத்தாமல் திரும்பி வந்த பூங்காவனமே இரண்டு தரம் மாட்டினாள்.

“அந்த மூலையில ஐயனாரு குந்திகினு கீறாரு போல. ஒருத்தியும் போவல” என்றான் மரத்தடியில் ஒருவன். ஆண்கள் சிரித்தார்கள். பச்சையப்பன் சிரிக்கவில்லை, எழுந்து போகவும் இல்லை.

ஜானகியம்மாள் மகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பாட்டுக்கும் அந்தக் கைகள் முன்னால் விரிந்து காத்திருந்தன. பாட்டு முடிந்ததும் முழங்காலுக்குப் போயின. அடுத்த பாட்டுக்கு மறுபடி விரிந்தன. பாதி ஆட்டத்துக்குப் பிறகு விரியவில்லை. மணி ஒரு வைக்கோல் தாளை எடுத்துக் கணுக்கணுவாக முறித்துக்கொண்டிருந்தாள்.

பச்சைக்கொடி இருபத்தொன்று, சிவப்புக்கொடி ஒன்பது. ரைஸ் மில்காரர் வாங்கிக் கொடுத்த எவர்சில்வர் டம்ளர் ஆளுக்கொன்று கிடைத்தது. மணியின் பேரைக் கூப்பிட்டபோது தாவீது மட்டும் கொஞ்சம் பலமாகக் கைதட்டினார்.

வீட்டுக்கு வருகிற வழியில் பச்சையப்பன் மகளின் நடைக்குத் தக்கபடி மெதுவாக நடந்தான். “ஜெயிச்சிட்டியே” என்றான்.

“நான் எங்க நைனா ஜெயிச்சேன். ஒருத்திதான வந்தா.”

வீடு வந்ததும் அவன் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டான். கலியன் டம்ளரை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் காட்ட ஓடினான். வெயில் இன்னும் களத்துமேட்டில் கிடந்தது. ஜானகியம்மாள் மத்தியானத்துப் பூசணிக்காய்க் குழம்பையும் இரண்டு வடையையும் வைத்துத் தட்டை மகளுக்கு முன்னால் தள்ளினாள். மணி தொடவில்லை.

“ஏன் துன்னல?”

“பசிக்கல.”

“நான் சொன்னத நீ கேட்டியா? தொட்டதும் வந்துடுன்னுதான சொன்னேன்.”

“காலு கிட்ட வந்துச்சி. புடிச்சிட்டேன்.” மணி விரல்களை மடக்கி விரித்தாள்: “கன்னுக்குட்டி காலு மாதிரி இல்ல யம்மா. சூடா கீது. உள்ள நரம்பு ஓடுறது கையில தெரியுது.”

ஜானகியம்மாள் மகளின் கையைப் பார்த்தாள். இந்த வீட்டில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு, ஒரு மனுஷக் கால் தொட்டால் எப்படி இருக்கும் என்பதை இந்தப் பெண் இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

“யம்மா.”

“இன்னா?”

“முத்தம்மாக்கா எழுந்தப்ப நீயும் எழுந்த.”

“எல்லாரும் எழுந்தாங்க.”

“நீ என்னைப் பாக்கல. பூங்காவனம் காலைப் பாத்த.”

மணி கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் எந்த அளவில் நிற்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னாள். “என் மூலைக்கு வர வேணாம்னு அவங்களுக்கு நீதான் சொன்னியோன்னு நெனச்சேன். ஊட்டுல நீயும் அப்பிடித்தான கீற. செவுத்தாண்ட காலு வெச்சிப் படுக்கச் சொல்றது நான் உருளுறதுக்கு இல்லன்னு எனுக்குத் தெரியும்.”

ஜானகியம்மாள் தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். மூடி வைத்தாள். கையைக் கழுவினாள். கழுவின கையை முந்தானையில் துடைக்கப் போனவள், முந்தானையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். பிறகு ஈரக்கையோடு களத்துமேட்டுக்கு இறங்கினாள். குதிகாலால் மண்ணைக் கீறி ஒரு கோடு போட்டாள். பத்தடி தள்ளி இன்னொரு கோடு போட்டாள். புடவையைத் தூக்கி இடுப்பில் செருகினாள்.

“வா. அந்த மூலையில குந்து.”

“இன்னாத்துக்கு?”

“குந்துன்னா குந்து.”

மணி கையை ஊன்றி இறங்கி வந்து உட்கார்ந்தாள். பச்சையப்பன் கொட்டகையிலிருந்து வைக்கோல் கட்டோடு வந்தவன், இறக்கி வைக்கத் தோன்றாமல் நின்றான்.

கல்யாணத்துக்கு முன்னால் எப்போதோ ஆடியது. பாட்டு எப்படி ஆரம்பிக்கும் என்பதே ஜானகியம்மாளுக்குச் சட்டென்று வரவில்லை. “சடுகுடு சடுகுடு சடுகுடு” என்று சொல்லிக்கொண்டு கோட்டைத் தாண்டினாள். வலப்பக்கம் போனாள். இடப்பக்கம் வந்தாள். மணியின் கைகள் விரிந்திருந்தன. மகளுக்கு ஒரு கஜ தூரத்தில் வந்ததும், அந்தப் பள்ளிக்கூடத்துப் பெண்கள் நின்றார்களே, அதே இடத்தில் அவள் கால் நின்றது. அவள் நிறுத்தவில்லை. அதுவாக நின்றது.

திருவள்ளூர் மண்டபத்தில் கேட்ட குரல் காதுக்குள்ளேயே இருந்தது. மூச்சு குறைந்துகொண்டு வந்தது. கூடவே “சடுகுடு சடுகுடு” என்பதும் தேய்ந்தது. திரும்பிப் போகவும் மூச்சு இருந்தது. கிட்டப் போகவும் இருந்தது. இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும்.

மணி நிமிர்ந்து பார்த்தாள். கூப்பிடவில்லை.

ஜானகியம்மாள் வலது காலை எடுத்து முன்னால் வைத்தாள்.

விரல்கள் கணுக்காலுக்குக் கீழே வந்து விழுந்தன. அவள் நினைத்திருந்ததைவிடச் சின்ன விரல்கள், நினைத்திருந்ததைவிட இறுக்கம். சும்மா கொடுத்துவிட்டு நிற்கக் கூடாது என்று தோன்றியது. இழுத்தாள். உண்மையாகவே, தப்பிக்கிறவள் மாதிரி இடுப்பை வளைத்து முழு பலத்தோடும் இழுத்தாள். அசையவில்லை. ஒற்றைக்காலில் தத்தினாள். வாயில் பாட்டு அறுந்தது. களத்துமேட்டில் பக்கவாட்டாக விழுந்து, முழங்கை சிராய்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாள்.

பச்சையப்பன் வைக்கோல் கட்டைக் கீழே போட்டான்.

“அவுட்டு” என்றாள் மணி. இரண்டு கையும் இன்னும் அந்தக் காலில்தான் இருந்தன. “மெதுவா வந்துட்ட யம்மா. எழுந்து மறுபடியும் வா. இந்தத் தரம் ஓடி வா.”